எடுத்தவர் வேறு, கெடுத்தவர் வேறு

கேள்வி:

அண்ணா, நீலகிரியில் கேத்தி பாலாடாவுக்கு மேலே மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து கேரட், பீட்ரூட், பூண்டு போடுகிறேன். நவம்பரில் மீட்டர் ஷெட்டிலிருந்து ஓடைக்குப் போகும் கேபிளில் 60 மீட்டரை அறுத்துக்கொண்டு போனார்கள். டிசம்பர் கடைசியில் ஸ்பிரிங்க்ளரின் பித்தளைத் தலை 18, மினி டில்லரின் பேட்டரி எல்லாம் போயின. ஜனவரியில் பழைய 2 எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு ஓடையோரம் 5 எச்.பி. வைத்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாய் மூன்று இடத்தில் கிழிந்து கிடக்கிறது, டில்லரின் டீசல் டேங்கில் மண். பக்கத்து எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பையன்கள் மேல் எனக்குச் சந்தேகம். கேமரா வைக்கலாமா? ராத்திரி மட்டும் வேலியில் கரண்ட் விடச் சொல்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் பழைய கேபிள் 100 மீட்டர் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், பில் கிடையாது. மோட்டாரும் போய்விட்டால் என்னால் எழுந்திருக்க முடியாது அண்ணா.

பதில்:

தம்பி, முதலில் கரண்ட் விஷயம். அந்த யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஈ.பி. லைனிலிருந்து நேராக வேலிக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கம்பிக்கு ஆள் தெரியாது. உறைபனியைக் கழுவ விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் போட வரும் உங்கள் ஆள் அதில் கை வைப்பார். விறகு பொறுக்கிக்கொண்டு வரும் அம்மா வைப்பார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் விவசாய நிலத்தில் இப்படி விட்ட கரண்டில் மூன்று பெண் யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு தாயைச் சுற்றிச் சுற்றி நின்றன. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குப் பட்டறையில் வேலை ஓடவில்லை. சூரிய மின்வேலி வேறு விஷயம். அது விட்டு விட்டுச் சுரீரென்று அடிக்கும், உயிரை எடுக்காது. ஆனால் அதற்கும் 2023இல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது, பதிவு செய்துதான் போட வேண்டும். அதுவும் மிருகத்தைத் தடுக்கத்தான். கேபிள் அறுக்க வருகிறவன் காய்ந்த கட்டை ஒன்றால் கம்பியைத் தூக்கிவிட்டு உள்ளே வருவான்.

அடுத்த அவசரம் டில்லர். டேங்கில் மண்ணைப் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்தீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் பிழைத்தீர்கள், இனியும் தொடாதீர்கள். டேங்கின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து டீசலை முழுக்க இறக்குங்கள். அதில் அரை லிட்டரை ஒரு பாட்டிலில் பிடித்து, மண்ணோடு அப்படியே மூடி, தேதி எழுதி எடுத்து வையுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். டேங்கைக் கழற்றி நல்ல டீசலால் இரண்டு மூன்று தடவை கழுவி, ஃபில்டரை மாற்றி, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் டியூபையும் ஊதிச் சுத்தம் செய்தால் போதும். ஸ்டார்ட் செய்து ஓட்டியிருந்தால் இன்ஜெக்டர் நாசிலையும் பம்பையும் கழற்றிப் பார்க்காமல் மறுபடி ஓட்ட வேண்டாம். நாசிலின் துளை தலைமுடி அளவுதான் இருக்கும். மாவு போன்ற மண் போனாலும் உள்ளே உராய்ந்து பிரஷர் விழுந்துவிடும். டேங்கில் சர்க்கரை போட்டால் எஞ்சினே உருகிப் பிடித்துக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். சர்க்கரை டீசலில் கரையவே கரையாது, போய் ஃபில்டரில் அடைத்து நிற்கும், அவ்வளவுதான். மண்தான் மோசம்.

சரி, இப்போது கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு முறை படித்தேன். நவம்பர், டிசம்பரில் நடந்ததும் பிப்ரவரியில் நடந்ததும் ஒரே ஆள் செய்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேபிள், பித்தளை, பேட்டரி மூன்றுமே எடைக்குப் போடுகிற சரக்கு. செம்பு, பித்தளை, ஈயம். எடுத்தவருக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை, நாளைக்கு வேறு தோட்டத்தில் கிடந்தால் அங்கே எடுப்பார். குழாயைக் கிழித்தவரும் டேங்கில் மண் போட்டவரும் ஒரு பைசாவுக்கு எதையும் கொண்டுபோகவில்லை. கிழித்த குழாய்க்குப் பக்கத்தில் புது 5 எச்.பி. மோட்டார் இருந்திருக்கிறது, அதைத் தொடவும் இல்லை. பணம் வேண்டி வந்தவர் இப்படிச் செய்யமாட்டார். இருபத்தேழு வருடமாகக் குன்னூரில் மோட்டாரும் மெஷினும் பழுது பார்க்கிறேன், இந்த இரண்டு வகைச் சேதமும் வாரா வாரம் என் மேஜைக்கு வரும். திருட்டுக்குப் பூட்டும் கம்பியும் பதில் சொல்லும். கெடுத்ததற்கு அவை பதில் சொல்லாது.

கெடுத்தது யார் என்று தேடுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். கிழிந்த குழாய்த் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? வெயிலில் வைத்து வெட்டு வாயைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பாருங்கள். கத்தி பட்ட இடம் சாய்வாக, வழுவழுப்பாக, ஒரே இழுப்பாக இருக்கும். முள்ளம்பன்றி கடித்த இடத்தில் இரண்டிரண்டு பல் தடம் பக்கம் பக்கமாக, உளியால் செதுக்கியது போல் வரி வரியாகத் தெரியும். ஓரம் நார் நாராக நிற்கும். கோடையில் தண்ணீருக்காகக் குழாயைக் கடிக்கிற மிருகங்கள் நம் மலையில் நிறைய. காட்டெருமை மிதித்த குழாய் கிழியாது, நசுங்கி நீளவாக்கில் பிளக்கும். போன வருடம் கோத்தகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் பக்கத்துத் தோட்டக்காரரிடம் நாலு மாதம் பேச்சை நிறுத்தியிருந்தார். குழாய்த் துண்டை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது அதில் பல் வரிசை அப்படியே இருந்தது. உங்கள் டேங்கின் மண்ணை எந்த முள்ளம்பன்றியும் போட்டிருக்காது, அது மனிதர் வேலைதான். ஆனாலும் குழாய் தனி, டேங்க் தனி என்று வைத்துப் பாருங்கள்.

வெட்டு கத்தி வெட்டாகவே இருந்தால், உங்கள் கடிதத்திலேயே நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன வரிக்குத் திரும்புங்கள்: ஜனவரியில் 2 எச்.பி.யை எடுத்துவிட்டு 5 எச்.பி. வைத்தேன். ஓடை உங்களுடையது மட்டுமா? கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரே ஓடையில் மேலே ஒருவர், நடுவில் ஒருவர், கீழே ஒருவர் என்று எத்தனை பேர் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிப்ரவரியில் ஓடை நூல்போல ஓடும். 2 எச்.பி. இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் 5 எச்.பி. இழுத்தால், கீழே இருப்பவரின் ஃபுட்வால்வ் (தண்ணீர் இழுக்கும் குழாயின் அடி வால்வு) காலை ஏழு மணிக்கெல்லாம் காற்றை இழுக்க ஆரம்பிக்கும். அவருக்கும் கேரட்தான், அவருக்கும் கடன்தான். அவரே செய்தார் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது தெரியாது. ஆனால் நீங்கள் போய்ப் பேச வேண்டிய முதல் ஆள் அவர். குற்றம் சொல்லப் போகாதீர்கள். "அண்ணே, புது மோட்டார் வைத்த பிறகு உங்களுக்குத் தண்ணீர் குறைகிறதா?" என்று கேளுங்கள். குறைகிறது என்றால் முறை வையுங்கள், நீங்கள் காலை, அவர் மாலை என்று. நீங்கள் குத்தகைக்காரர் என்பதால் நிலத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்து ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், பெரியவர்கள் முன்னால் பேசினால் இன்னும் நல்லது. அங்கே வைத்த முறையை யாரும் எளிதில் மீறுவதில்லை. ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஒரு தொட்டியில் சேர்த்து, அதிலிருந்து 5 எச்.பி.யால் ஸ்பிரிங்க்ளர் ஓட்டுகிற மாதிரி மாற்ற முடியுமா என்றும் யோசியுங்கள். பழைய 2 எச்.பி. இன்னும் கையில் இருந்தால் ஓடைக்கு அதுவே போதும், பெரிய மோட்டாரை வீட்டுப் பக்கத்துத் தொட்டிக்குக் கொண்டுவந்துவிடலாம். மோட்டார் போய்விடுமோ என்ற உங்கள் பயத்தில் பாதி அதிலேயே தீரும்.

வடமாநிலப் பையன்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்களை அந்தப் பக்கம் பார்த்ததாகக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் தேயிலையைப் பறிக்கிற பிள்ளைகள் அவர்கள். பாஷை தெரியாது, கேட்க நாதியில்லை, போலீஸ் ஒரு தரம் வந்து நின்றாலே எஸ்டேட்டில் வேலை போய்விடும். அவர்களுக்கு உங்கள் ஓடையோடு வழக்கு எதுவும் இல்லை, எந்த மாதம் எந்த மோட்டாரை மாற்றினீர்கள் என்பதும் தெரியாது. கண்ணால் பார்க்காமல், பொருள் கையில் கிடைக்காமல், புகாரில் யார் பெயரையும் எழுதாதீர்கள். இதை நான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இனி திருட்டு. என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சிறு தேயிலை விவசாயி தன் இலை பறிக்கும் மெஷினைச் சர்வீஸுக்கு விட்டிருந்தார். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து ஓட்டுகிற ஜப்பான் மெஷின், நகையை அடகு வைத்து வாங்கியது. பின்பக்க ஷெட்டில் வைத்துக் கனமான பூட்டைப் போட்டுவிட்டு வந்தேன். காலையில் போனால் பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது, கதவு மறுபக்கத்தில் திறந்து கிடக்கிறது. கீலின் திருகுகள் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி தச்சர் அடித்திருந்தார். வந்தவன் ஒரு ஸ்குரூ டிரைவரால் ஆறு திருகைக் கழற்றி, அவற்றை வாசற்படியில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த ஆறு திருகும் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. மெஷினுக்கு நான் பணம் கட்டினேன். ஆனால் இலை ஏறுகிற அந்த மாதம் முழுக்க அவருக்குக் கையில் மெஷின் இல்லை, அதற்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எந்த ஷெட்டுக்குப் போனாலும் பூட்டைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். கீல், கொண்டி, நிலை, தகரத்தைப் பிடித்திருக்கும் ஆணி, இவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். கீலுக்குத் திருகு வேண்டாம், போல்ட் போட்டு உள்பக்கம் நட்டை முறுக்கி அதன் மேல் ஒரு புள்ளி வெல்டிங் வையுங்கள். கொண்டிக்கும் அப்படியே. பூட்டு, வளையம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காத வட்டப் பூட்டாக இருக்கட்டும். போல்ட் கட்டரின் வாய்க்கு அதில் பிடி கிடைக்காது. சங்கிலி போடுவதானால் தரையில் கிடக்க விடாதீர்கள். தரையில் கிடக்கிற சங்கிலியில் கட்டரின் ஒரு காலை மண்ணில் ஊன்றி உடம்பையே அதன் மேல் போட்டு அழுத்திவிடுவான். இடுப்பு உயரத்தில், தொய்வு இல்லாமல் கட்டியிருந்தால் அந்த வசதி அவனுக்கு இல்லை.

நம் மலைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்தில் பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பாது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு மூன்றாம் நாள் பூட்டைச் சும்மா மாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். திருட்டுப் போன பல ஷெட்டுகளில் பூட்டு உடையவே இல்லை, பூட்டப்படவே இல்லை. பித்தளைப் பூட்டாக வாங்குங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துக் களிம்பாகிவிடும். பென்சில் முனையைப் பொடியாக்கிச் சாவித் துளையில் ஊதினால் போதும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு கை அகலத் துண்டு வெட்டிப் பூட்டின் மேல் பாவாடை போலத் தொங்கவிடுங்கள், மழையும் பனியும் உள்ளே இறங்காது.

கேபிளுக்கு என் யோசனை இது. மறுபடி 60 மீட்டர் செம்பு வாங்கி மண்ணின் மேல் போட்டால் மறுபடி போகும். மீட்டரிலிருந்து ஓடை வரைக்கும் அலுமினிய ஆர்மர்ட் கேபிள் போடுங்கள், மோட்டாருக்குப் பக்கத்தில் கடைசி இரண்டு மூன்று மீட்டர் மட்டும் செம்பு. அலுமினியத்துக்குப் பழைய இரும்புக் கடையில் செம்பின் விலை கிடைக்காது. மேலே இரும்புக் கம்பிச் சுற்று இருப்பதால் கத்தியால் ஒரே இழுப்பில் அறுக்கவும் முடியாது, உரித்து எரிப்பதும் பெரிய வேலை. செம்பில் முக்கால் பங்குகூட அலுமினியம் கடத்தாது, 60 சதவீதம் அளவுதான். அதனால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு இருந்த இடத்தில் அலுமினியம் 10 போட்டால்தான் அந்தத் தூரத்துக்கு வோல்டேஜ் விழாது. செம்பும் அலுமினியமும் சேருகிற இடத்தில் இரண்டையும் சும்மா முறுக்கிக் கட்டிவிடாதீர்கள். நம் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் வெள்ளைப் பொடி பூத்துச் சூடாகி எரிந்துவிடும். பைமெட்டல் லக் என்று கேளுங்கள், ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமும் உள்ள இணைப்பு அது, அதை வைத்து அழுத்தி, நீர் புகாத பெட்டிக்குள் இணைக்கச் சொல்லுங்கள்.

கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் புதையுங்கள். பாத்திக்குக் குறுக்கே வேண்டாம், டில்லரே ஒரு நாள் அறுத்துவிடும். கல் கட்டுச் சுவரை ஒட்டி, படிக்குப் படி இறக்கிக் கொண்டுபோங்கள். கேபிளின் மேல் அரையடி மண் போட்டு, அதன் மேல் உடைந்த செங்கல் வரிசை, அதற்கும் மேல் மீதி மண். பின்னால் யாராவது வெட்டினால் செங்கல் தட்டும்போதே கை நின்றுவிடும். செலவு கூடத்தான் ஆகும். நிலம் குத்தகை என்பதால் புதைத்ததை விட்டுவிட்டுப் போக வேண்டி வருமே என்று யோசிப்பீர்கள். குத்தகைக் காலத்தைப் பார்த்து நிலத்துக்காரரிடம் பேசிப் பாதிச் செலவு கேளுங்கள். கரண்ட் சர்வீஸே அவர் பெயரில்தானே இருக்கும், கேபிள் கடைசியில் அவர் நிலத்துக்குத்தான் சொத்து.

ஸ்பிரிங்க்ளர் தலைகளுக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. பிளாஸ்டிக் தலை வாங்கிப் போடுங்கள். தண்ணீர் அதே வட்டத்துக்குத்தான் சுற்றும், யாரும் எடுக்கமாட்டார்கள். பேட்டரியை ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகப் பழகுங்கள், இரண்டு நட்டுதான். டீசல் டேங்குக்குப் பூட்டு மூடி கிடைக்கிறது, உங்கள் டில்லரின் மூடி அளவைக் கொண்டுபோய் வாங்குங்கள்.

எல்லாவற்றையும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோ என்று யாராவது சொன்னால் அவர் உறைபனிக் காலத்தில் கேரட் போட்டதில்லை என்று அர்த்தம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியுமுன் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவாவிட்டால் இலை கருகிப்போகும். மோட்டார் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். அதனால் அதைத் தூக்குவதைச் சிரமமாக்குங்கள். இந்த மோட்டாரை இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஓடை பெருகினாலும் தண்ணீர் எட்டாத உயரம் பார்த்து ஓர் அடி கனத்துக்குக் கான்கிரீட் படுக்கை போட்டு, நாலு ஃபவுண்டேஷன் போல்ட்டை ஈரமாக இருக்கும்போதே இறக்குங்கள். மூன்று நட்டு சாதாரணமாக இருக்கட்டும், நாலாவதை வெல்டிங் புள்ளி வைத்து அடைத்துவிடுங்கள். பழுது பார்க்க வேண்டிய நாளில் கிரைண்டரால் அந்தப் புள்ளியை நீக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். ராத்திரியில் கரண்ட் இல்லாத ஓடையோரத்தில் சத்தம் போடாமல் அதைச் செய்ய அவனால் முடியாது. அதன் மேல் ஆங்கிளும் கம்பியும் வைத்து ஒரு கூண்டு. தகரத்தால் மூடிவிடாதீர்கள், மோட்டாருக்குக் காற்று வேண்டும்.

அப்புறம் அடையாளம். இதை யாருமே செய்வதில்லை, எனக்கு வருத்தம் அதில்தான். ஒரு நம்பர் பஞ்ச் செட்டும் சுத்தியலும் போதும். உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் போன் நம்பரின் கடைசி ஆறு எண்களையும் மோட்டார் உடம்பில், டில்லர் சேஸிஸில், ஸ்பிரேயர் எஞ்சினில் அடியுங்கள். வெளியே தெரிகிற இடத்தில் ஒன்று, அடியில் மறைவாக ஒன்று. பேட்டரியில் சூடான கம்பியால் எழுதுங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கிற மஞ்சளோ ரோஸோ பெயின்ட் பூசுங்கள். பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் பாலாடாவில் ரோஸ் நிற டில்லர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தால் அதை யார் வாங்குவார்கள்? எஞ்சின் எண், சேஸிஸ் எண், மோட்டாரின் பெயர்ப் பலகை, பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் மனைவி போனிலும் வையுங்கள்.

கேமரா வைக்கலாம், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். ராத்திரியில் கேமரா வீசும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பனிமூட்டத்தில் பட்டுத் திரும்பி வரும், படம் முழுக்க வெள்ளைத் திரையாகிவிடும். கம்பத்தின் உச்சியில் மாட்டி மூன்று ஏக்கரையும் பார்க்க நினைத்தால் எதுவும் தெரியாது. ஷெட் கூரைக்கு அடியில், கதவிலிருந்து பத்தடிக்குள், முகம் வருகிற உயரத்தில் வையுங்கள். சோலார் பேனலில் ஓடுகிற கேமரா என்றால் ஜூன், ஜூலையிலும் நவம்பரிலும் நாலைந்து நாள் வெயிலே வராது என்பதை நினைத்துப் பெரிய பேட்டரியோடு வாங்குங்கள். பக்கத்து வீட்டு வாசலைப் பார்க்க வைக்காதீர்கள், அது புதுச் சண்டைக்கு வழி. கேமராவை விட உங்களுக்கு நான் முதலில் சொல்வது மொபைல் ஸ்டார்ட்டர். போனிலேயே மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம். கரண்ட் போனாலும் கேபிள் அறுந்தாலும் உங்களுக்கு அழைப்பு வரும் மாதிரி இருக்கிறதா, உள்ளே தனி பேட்டரி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பள்ளத்தில் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கிறது என்று ஓடையோரத்தில் நின்று பார்த்துவிட்டு சிம் போடுங்கள்.

காவலுக்கு ஆள் படுக்க வைக்க வேண்டாம். கரடியும் சிறுத்தையும் காட்டெருமையும் நடமாடுகிற மலை இது. தகர ஷெட்டில் ஒருவரைப் படுக்க வைத்து ஒரு மோட்டாரைக் காப்பாற்றுவது சரியில்லை. அழைப்பு வந்தாலும் நீங்கள் தனியாக டார்ச்சோடு ஓடாதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் நம்பரை வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள், சேர்ந்து போங்கள்.

புகார் கொடுத்தீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை. "கேபிள்தானே" என்று ஸ்டேஷனுக்குப் போகாமல் விடுபவர்கள்தான் அதிகம். போங்கள். பழையதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள், திருட்டைத் தனியாகவும் சேதத்தைத் தனியாகவும். அந்த டீசல் பாட்டிலும் குழாய்த் துண்டுகளும் போட்டோவும் இதற்குத்தான். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்திலும் இருக்கிறது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் விவசாயத் தண்ணீரைக் குறைக்கும்படி சேதம் செய்வதற்குத் தனிப் பிரிவே உண்டு, 326. ஐந்து வருடம் வரை தண்டனை. பக்கத்துக்காரரிடம் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லி மிரட்டாதீர்கள், பேசியும் தீராவிட்டால் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏதாவது போனால் அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள். மலையிலிருந்து சரக்கு கீழே இறங்க வழிகள் சிலதான்: பர்லியார் வழி, குஞ்சப்பனை வழி, மஞ்சூரிலிருந்து கெத்தை வழி, கூடலூர்ப் பக்கம். நான்கு மணிநேரம் கழித்துச் சொன்னால் பொருள் சமவெளிக்குப் போயிருக்கும். பாலாடாவிலும் ஊட்டியிலும் இருக்கிற பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் இப்போதே போய் உங்கள் அடையாள எண்ணைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலானவர்கள் வம்பு வேண்டாம் என்று நினைக்கிற வியாபாரிகள்தான், சொல்லி வைத்தால் உதவுவார்கள்.

பொதுத்துறை காப்பீட்டு நிறுவனங்களிடம் விவசாய பம்ப்செட்டுக்கென்றே பாலிசி உண்டு. தீ, மின்னல், திருட்டு, வேண்டுமென்றே செய்த சேதம் எல்லாம் அதில் வரும். திருட்டு என்றால் உடைத்து எடுத்ததற்கு அடையாளம் கேட்பார்கள், வெளியே சும்மா கிடந்தது போனால் தரமாட்டார்கள். கான்கிரீட் படுக்கையும் கூண்டும் அங்கேயும் உங்களுக்கு உதவும். வருடத்தில் பத்து நாள்தான் டில்லர் ஓடுகிறது என்றால் சொந்தமாக வைத்துக் காவல் காப்பதை விட வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுப்பதையும் யோசியுங்கள், உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம்.

கடைசியாக அந்தப் பாதி விலைக் கேபிள். வாங்காதீர்கள். பில் இல்லாத 100 மீட்டர் செம்புக் கேபிள் இன்னொரு விவசாயியின் தோட்டத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். திருட்டுப் பொருள் என்று நினைக்கக் காரணம் இருந்தும் வாங்குகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை என்கிறது அதே சம்ஹிதாவின் 317ஆம் பிரிவு. அதை விடுங்கள், நவம்பரில் உங்கள் ஓடையோரத்தில் நின்று வெட்டுப்பட்ட நுனியைப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கேபிளில் எந்தெந்த இடத்தில் ஜாயின்ட் போட்டு எந்த நிற டேப் சுற்றினீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அவர் காட்டுகிற கேபிளில் அந்த டேப் இருந்தால், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள்.